முன்னறைக்கு ஐம்பது மார்க்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது எலி வளை அல்ல. பன்னிரண்டுக்குப் பத்து அடி. இரண்டு ஜன்னல். தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. தலைக்கு மேல் சத்தமே போடாத மின்விசிறி. எங்கள் வீட்டு முன்னறை. உயிர் உள்ளவரை அதை யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தேன். வாய் நிறைய நுரையோடு செய்த சபதம். கொப்பளிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும் என்று அப்போது தெரியாது.

சபதத்துக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். நான் மாலைக் கல்லூரியில் அலுவலக நிர்வாகம் கற்பிக்கிறவன். பகலில் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் முப்பத்திரண்டு பேர் என் மாணவர்கள். எங்கள் கல்லூரி முதல்வர் அம்மா எழுதியிருந்தார்: இந்தப் பருவத்திலிருந்து யாரும் காகிதத்தில் அசைன்மென்ட் வாங்கக் கூடாது. எல்லாம் எல்.எம்.எஸ். என்ற கணினித் தளத்தில்தான். கேள்வியை அதிலேயே வைக்க வேண்டும், மாணவர்கள் அதிலேயே எழுதுவார்கள், நாம் அதிலேயே திருத்தி மார்க் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அமைக்காத ஆசிரியர்கள் கேன்டீன் மேற்பார்வைக் குழுவில் சேர்க்கப்படுவார்கள்.

கேன்டீன் குழு எனக்கு ஒரு பொருட்டில்லை. அந்த மின்னஞ்சலை எனக்கு முன்னால் என் மனைவி படித்துவிட்டாள். அதுதான் ஆபத்து.

"என்னங்க, இனிமே பேப்பரே கிடையாதாமே?"

"ஆமா."

"அப்போ முன்னறையில இருக்கற பேப்பர் கட்டெல்லாம்?"

"அது பழசு."

"பழசுன்னா தூக்கிப் போட்டுடலாம்."

"அது ஆவணம்."

"எதுக்கு ஆவணம்?"

"யாராவது கேட்டா காட்டறதுக்கு."

"பதினோரு வருஷத்துல யாராவது கேட்டாங்களா?"

"இல்ல. ஆனா கேட்டா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. பதில் இருந்தது.

என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குச் செல்போன் பழுது பார்க்கத் தெரியும். சும்மா தெரியும் என்றால் போதாது. தண்ணீரில் விழுந்தது, மாடியிலிருந்து விழுந்தது, மாமியார் மேல் வீசிக் குறி தவறியது, எதைக் கொண்டு வந்தாலும் உயிர் கொடுத்து அனுப்புவாள். தெருவில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். அவளுடைய தொழிற்கூடம் எங்கள் சாப்பாட்டு மேசை. அது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடையில் கிடக்கிறது. ஒரு பக்கம் தாளிக்கிற புகை, மறுபக்கம் குளிக்கிறவர் தெறிக்கிற தண்ணீர். மின்விசிறி உண்டு, ஆனால் போட முடியாது. போட்டால் திருகாணி பறந்துவிடும். எறும்புக்குப் பல் இருந்தால் எந்த அளவு இருக்குமோ அந்த அளவுத் திருகாணி. ஒருமுறை உப்பு என்று நினைத்து நான் இரண்டைத் தின்றிருக்கிறேன். அது யாருடைய போன் என்று அவள் சொல்லவில்லை, நானும் திருப்பித் தரவில்லை.

பட்டன் போன் காலத்திலிருந்து அவள் முன்னறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருக்கிறது, தூசி இல்லை, வருகிறவர்கள் தெருக்கதவு வழியாகவே வந்து போகலாம் என்பாள். எல்லாம் நியாயம்தான். நியாயத்துக்கு நிர்வாகவியலில் ஒரு மருந்து உண்டு. அதை ஒவ்வொரு முறையும் கொடுத்தேன்.

"எழுத்துல குடு. பரிசீலிக்கிறேன்."

"பொண்டாட்டி புருஷனுக்கு மனு எழுதுவாளா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மனு வராது. மனு வராவிட்டால் முடிவும் எடுக்க வேண்டாம். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

இப்போது முதல்வர் அம்மா காகிதத்தையே ஒழித்துவிட்டார். காகிதம் போனால் கட்டு போகும். கட்டு போனால் அறை போகும். நான் கொப்பளித்துவிட்டு வந்து கம்பீரமாக அறிவித்தேன்.

"இங்க பாரு. இன்னியிலேருந்து முன்னறை டிஜிட்டல் தேர்வு அலுவலகம். ரகசியமான வேலை. அசைன்மென்ட் திருத்தறப்போ யாரும் உள்ள வரக் கூடாது."

"சரிங்க."

அவ்வளவு சீக்கிரம் அவள் ‘சரிங்க’ சொன்னதே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நானே தனியாக உட்கார்ந்து எல்.எம்.எஸ்ஸில் ஓர் அசைன்மென்ட் அமைத்தேன். கேள்வி வைத்தேன். மார்க் வைத்தேன். கடைசித் தேதி வைக்கும்போது நாள் சரி, மாதம் சரி, வருடம் மட்டும் போன வருடம் ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கிய அடுத்த நிமிடம் முப்பத்திரண்டு பேருக்கும் செய்தி போய்விட்டது: ‘உங்கள் விடை ஓராண்டு தாமதம். பெற்ற மதிப்பெண் பூஜ்யம்.’

முதலில் பஸ் டிப்போ கிளார்க் போன் செய்தார்.

"சார், நான் ஃபெயிலா?"

"இல்லப்பா, அது ஒரு சின்னத் தவறு."

"போன வருஷம் நான் உங்க காலேஜ்லயே இல்லையே சார்."

"தெரியும்."

"அப்ப எப்படி சார் லேட் ஆனேன்?"

அடுத்து ஆஸ்பத்திரி வரவேற்பாளர் அம்மா. அவர் அழுதே விட்டார். பதினான்காவது அழைப்பு வந்தபோது போனை அணைத்துவிட்டு, நடைக்குப் போய் மனைவி முன்னால் நின்றேன். அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டியபடி யாருடைய போனையோ குடல் உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்ன உதவி."

"உள்ள யாரும் வரக் கூடாதுன்னீங்களே?"

"‘யாரும்’ல நீ வருவியா? நீ வீட்டு ஆளு."

வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக முன்னறையில் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். நான் பின்னால் நின்று கட்டளையிட்டேன். உழைக்கத் தெரியாதவனுக்கு நிற்கத் தெரிய வேண்டும், நிர்வாகத்தின் முதல் பாடம் அது.

"கேள்வி என்னங்க?"

"எழுதிக்கோ. ‘நீங்கள் நேரில் அறிந்த ஒரு நிறுவனம் எவ்வாறு மோசமாக நிர்வகிக்கப்படுகிறது? ஆதாரத்துடன் விளக்கித் தீர்வு கூறுக.’ ஐம்பது மார்க்."

"நேரில் அறிந்த. சரி. ஐம்பதை எப்படிப் பிரிக்கிறது? இங்க கட்டம் கட்டமா கேக்குது."

"குறையைக் கவனிச்சதுக்குப் பதினஞ்சு. ஆதாரத்துக்குப் பதினஞ்சு. தீர்வுக்கு இருபது."

"எழுதினவங்க பேரை உங்களுக்குக் காட்டணுமா, மறைக்கணுமா?"

"மறைச்சுடு. எனக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. மார்க் போட்டு வெளியிட்ட பிறகு பேர் தெரிஞ்சா போதும்."

"டிக் போட்டாச்சு. லேட்டா குடுத்தா?"

"ஒரு நாளைக்கு ஒரு மார்க் கட். தயவு தாட்சண்யம் கிடையாது."

"வெளியிட்ட மார்க்கை அப்புறம் மாத்தலாமா?"

"கூடவே கூடாது. அப்புறம் ஆளாளுக்கு வந்து அழுவாங்க. வாத்தியார் வாக்கு ஒரே வாக்கு. பூட்டிடு."

"பூட்டியாச்சு. முதல் மார்க் வாங்கின விடையை எல்லாருக்கும் காட்டட்டுமான்னு கேக்குது. முதல்வருக்கும் போகுமாம்."

"போகட்டும். நாம எப்படித் திருத்தறோம்னு அந்தம்மாவும் பாக்கட்டும்."

ஒவ்வொரு கட்டத்திலும் அவள் டிக் போட்ட சத்தம் என் காதுக்குச் சங்கீதமாக இருந்தது. என் கழுத்துக்கு அளவெடுக்கிற சத்தம் என்று பின்னால்தான் புரிந்தது.

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இவ்ளோ பெரிய பாடம். தீர்வை எழுதறதோட நின்னுடுமா? செய்முறை வேணாமா?"

எனக்குப் புல்லரித்தது. என் மனைவிக்கு இவ்வளவு கல்வி அக்கறையா?

"அருமை. போடு. ‘முதலிடம் பெறும் தீர்வு அந்த நிறுவனத்திலேயே நடைமுறைப்படுத்தப்படும். ஆசிரியர் நேரில் நின்று மேற்பார்வையிடுவார். வகுப்பினர் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும்.’"

"ஆசிரியர் நேரில் நின்று. நல்லா இருக்குங்க."

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு. மாணவர் பக்கத்துலேருந்து எப்படித் தெரியுதுன்னு பாக்கறதுக்கு ஒரு மாதிரி மாணவர் வேணும். யாரைச் சேக்கட்டும்?"

"உன்னையே சேத்துக்கோ. பாத்துட்டு அப்புறம் எடுத்துடலாம்."

எல்லா வேலையும் முடிந்தது. அந்த ‘அப்புறம்’ மட்டும் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை முதல்வர் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலை யாருக்கும் ஆடியதாகச் சரித்திரம் இல்லை. கல்லூரியிலேயே முதலில் முடித்தவன் நான்தானாம். ‘தனியாவே செஞ்சீங்களா?’ என்றார். ‘ராப்பகலா உழைச்சேன் மேடம்’ என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சோறும் என் மனைவி போட்டதுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், திருத்த உட்கார்ந்தேன். மாணவர்கள் முப்பத்திரண்டு பேர். விடைகள் முப்பத்து மூன்று. யாரோ ஆர்வக்கோளாறில் இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிர்வாகவியல் வாத்தியார் எண்ணிக்கையில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே ஒரு பாடம்.

பெயர் இல்லை. ‘பங்கேற்பாளர் ஒன்று’, ‘பங்கேற்பாளர் இரண்டு’ என்று எண்கள்தான். ஒன்று முதல் பதினெட்டு வரை படித்ததில் எனக்குத் தூக்கம் வந்தது. பத்தொன்பதைத் திறந்தேன். தூக்கம் ஓடிவிட்டது.

‘நான் அறிந்த நிறுவனம் மிகச் சிறியது. ஊழியர் இருவர். ஒருவர் மேலாளர். மற்றவர், மீதி எல்லாம்.’

நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன நடை.

‘நிறுவனத்தின் மிகச் சிறந்த அறை மேலாளர் வசம் உள்ளது. அதில் அவர் யாரும் கேட்காத பழைய கோப்புகளைப் பாதுகாக்கிறார். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கதவைச் சாத்திக்கொண்டு கொள்கை வகுக்கிறார். வகுக்கும் சத்தம் வெளியே கேட்கும். உற்பத்தி முழுவதும் ஒரு நடையில் நடக்கிறது. அங்கே மின்விசிறி உண்டு, ஆனால் வேலையின் தன்மையால் அதைப் போட முடியாது. கோடையில் அந்த ஊழியர், வியர்வை வேலைப் பொருளின் மேல் சொட்டாமலிருக்க நெற்றியில் துணி கட்டிக்கொள்கிறார். இடமாற்றம் கேட்டால் மேலாளர் சொல்வது ஒன்றே: எழுத்துமூலம் கொடுங்கள்.’

எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒரு ஜென்மமா? நாற்காலியைத் தள்ளிவிட்டு நடைக்கு ஓடினேன். என் மனைவி நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு போனுக்கு மேல் குனிந்திருந்தாள்.

"இந்த அநியாயத்தைக் கேளேன்," என்று முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

அவள் நிமிரவில்லை.

"அடப் பாவமே. அப்படியுமா இருப்பாங்க?"

"இருக்கானே. எழுதியிருக்காங்களே. ஆதாரம் வேற. தேதி போட்டு எழுதியிருக்காங்க, எந்தெந்த நாள் இடமாற்றம் கேட்டாங்கன்னு. நாப்பத்தேழு தடவை கேட்டிருக்காங்க."

"நாப்பத்தெட்டு."

"என்ன?"

"இந்த போன்ல மொத்தம் நாப்பத்தெட்டு திருகாணிங்க. ஒண்ணு காணோம். நீங்க படிங்க."

"வகுக்கற சத்தம்னா என்ன தெரியுதா? குறட்டை. ஆபீஸ்ல குறட்டை விடறான். வெக்கமில்லாதவன்."

"சிலருக்குத் தான் தூங்கறதே தெரியாதுங்க."

"தூங்கறதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய அறை? இவனையெல்லாம் என்ன செய்யணும் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும். வாத்தியார் நீங்க. உங்களுக்குத் தோணுறத எழுதுங்க." ஒரு திருகாணியை இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டு, "ஆனா எதுவா இருந்தாலும் அழுத்தமா எழுதுங்க," என்றாள்.

அழுத்தமாக எழுதினேன். கவனிப்புக்குப் பதினைந்து. ஆதாரத்துக்குப் பதினைந்து. தீர்வு ஒரே வரிதான், ‘அறையை உழைப்பவருக்குக் கொடுக்கவும்’ என்று. அதற்கு இருபது. என் வாழ்நாளில் நான் முழு மார்க் போட்டதே இல்லை. போட்டேன். கீழே கருத்துப் பகுதியில் என் புலமை முழுவதையும் கொட்டினேன்.

‘இருபதாண்டு அனுபவத்தில் இவ்வளவு சோம்பேறியான, தன்னலமான, உணர்ச்சியற்ற மேலாளரை நான் கேள்விப்பட்டதில்லை. இவரை அறையிலிருந்து உடனே வெளியேற்ற வேண்டும். இனி ஒரு நாள் தாமதித்தாலும் அது குற்றம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்முறைப் பணி. நானே முன்நின்று நடத்துவேன். மேலாளர் எதிர்த்தால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.’

மீதியையும் திருத்தி முடித்தபோது சாயங்காலம் ஐந்து மணி. ‘வெளியிடு’ என்ற பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. எண்கள் ஒவ்வொன்றாக மறைந்து பெயர்கள் வந்தன. பதினேழு, பார்சல் ஆபீஸ்காரர். பதினெட்டு, பஸ் டிப்போ கிளார்க். பத்தொன்பதுக்கு நேராக ஒரு சின்னப் படம் முளைத்தது. நெற்றியில் துணி கட்டிய படம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அவள்தான். நான் தாலி கட்டின மனைவிதான். படத்துக்குக் கீழே நிறுவனத்தின் முகவரி. எங்கள் வீட்டு எண், எங்கள் தெரு. அதற்கும் கீழே நான் எழுதிய கருத்து. ‘உணர்ச்சியற்ற’ என்ற வார்த்தையை நானே அடிக்கோடிட்டிருந்தேன்.

அழிக்கப் பார்த்தேன். ‘வெளியிட்ட மதிப்பெண்ணை மாற்ற இயலாது’ என்றது திரை. ‘இந்த விடை முப்பத்து மூன்று மாணவருக்கும் முதல்வருக்கும் காட்டப்பட்டது’ என்றது அடுத்து. மின்கம்பியை உருவினேன். கணினி அணைந்தது. நடையில் அவள் போன் ‘டிங்’ என்றது.

"என்னங்க," என்று குரல் வந்தது. "அம்பதுக்கு அம்பது போட்டிருக்கீங்க. சந்தோஷம்."

நான் நடைக்குப் போனேனா, தவழ்ந்தேனா என்று ஞாபகம் இல்லை.

"நீ... நீ மாதிரி மாணவர்."

"ஆமாங்க."

"உன்னை எடுத்துடலாம்னு சொன்னேனே."

"அப்புறம்னு சொன்னீங்க."

"இது அநியாயம். மோசடி."

"எழுத்துல குடு, பரிசீலிக்கிறேன்னு பதினோரு வருஷமா யாரு சொன்னது? குடுத்தேன். பரிசீலிச்சீங்க. நீங்க நல்ல வாத்தியார்ங்க, அதை மட்டும் நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். எனக்கு வாய் மட்டும் போதவில்லை, கருத்துப் பகுதியும் தேவைப்பட்டது.

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. முதல்வர் அம்மாவைப் போனில் பிடித்தேன்.

"மேடம், ஒரு சின்னச் சிக்கல். முதல் மார்க் வாங்கின விடை செல்லாது. அது நிஜ மாணவர் இல்ல. மாதிரி மாணவர்."

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் அவர். குரல் தழுதழுத்தது. அந்தக் குரல் தழுதழுத்ததாகவும் சரித்திரம் இல்லை. "படிச்சேன். அசந்து போயிட்டேன். சொந்த வீட்டையே பாடமா வெச்சு, உங்களையே நீங்க இந்தக் கிழி கிழிச்சிருக்கீங்களே. எந்த வாத்தியாருக்கு இந்தத் தைரியம் வரும்?"

"மேடம், அது தைரியம் இல்ல மேடம்."

"அடக்கம் வேற. சனிக்கிழமை நானும் வரேன். எல்லா ஆசிரியர்களையும் வரச் சொல்லியிருக்கேன்."

"மேடம்—"

"ஆமா, உங்க வீட்டம்மா எந்தக் கம்பெனி போனும் பாப்பாங்களா? என்னுது ரெண்டு மாசமா சார்ஜ் ஏற மாட்டேங்குது."

மறுத்துச் சொல்லலாம். ‘நான்தான் அந்த மேலாளர் என்று தெரியாமல் எழுதிவிட்டேன்’ என்று சொல்லலாம். அதாவது, எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் பதினோரு வருடம் நடந்ததை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். அதைவிடத் தைரியசாலி என்ற பட்டமே பரவாயில்லை. ‘பார்ப்பாங்க மேடம்’ என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு என் வகுப்பு முழுவதும் வாசலில் நின்றது, பின்னால் முதல்வர் அம்மாவும் மற்ற ஆசிரியர்களும். வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். இதற்கு முப்பத்திரண்டு பேரும் ஆஜர். போன முறை பூஜ்யம் வாங்கிய வயிற்றெரிச்சல் ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது.

"எங்க சார் அந்த மேலாளர்?" என்றார் பஸ் டிப்போ கிளார்க். "எதிர்த்தா நீங்க பேசிக்கறேன்னு எழுதியிருந்தீங்க."

"பேசிட்டேன். ஒத்துக்கிட்டார்."

பார்சல் ஆபீஸ்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் பதினோரு வருடம் கட்டிக்காத்த கட்டுகள் பதினோரு நிமிடத்தில் வெளியே வந்தன. கடைசி வரிசைக் கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டவர் ஒரு தலையணையை உருவினார். எச்சில் வட்டத்தோடு இருந்தது. முதல்வர் அம்மா உட்பட அனைவரும் அதைப் பார்த்தார்கள்.

"இது என்ன ஆவணம் சார்?"

நான் வாயைத் திறக்குமுன் ஆஸ்பத்திரி வரவேற்பாளர் அம்மா தன் போனைப் பார்த்து வாசித்தார்.

"கொள்கை வகுப்பதற்கான உபகரணம். விடைத்தாள் பக்கம் இரண்டு, ஆதாரம் நாலு."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் நேரில் நின்று மேற்பார்வையிட்டேன். வேறு என்ன செய்வது, உட்கார இடம் இல்லை. நாற்காலியையும் தூக்கிவிட்டார்கள்.

மத்தியானத்துக்குள் முன்னறையில் என் மேசை அவளுடையதாகி ஜன்னலோரம் போனது. திருகாணிப் பெட்டிகள் அலமாரியில் ஏறின. விசிறிக் காற்று படாத மூலையாகப் பார்த்துத்தான் மேசையைப் போட்டிருந்தாள், அதனால் மின்விசிறியும் ஓடியது. தெருக்கதவைத் திறந்ததும் முதல் ஆளாக முதல்வர் அம்மா போனை நீட்டினார். அவள் ஓட்டைக்குள் ஊதினாள். ஒரு பஞ்சு வந்தது. சார்ஜ் ஏறியது. கூட்டம் கைதட்டியது.

இரண்டு மணிக்கு எல்லோரும் போனபின் எனக்கு வழக்கம்போல் கொள்கை வந்தது. வகுக்க இடம் இல்லை. நடையில், அவளுடைய பழைய மேசையில், அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து அனல் வந்தது. குளியலறைக் குழாய் சொட்டியது. பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேசை விளிம்பில் அவள் முழங்கை பதிந்து பதிந்து வண்ணம் போயிருந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே. அறை பறிபோனது என்று இருக்கக் கூடாது. நானாக வழங்கினேன் என்று இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். அலுவலக முறைப்படி, தேதி போட்டு, எழுதினேன்.

‘பொருள்: முன்னறை ஒதுக்கீடு. தங்கள் நீண்டநாள் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி அறை தங்களுக்கு முழுமனதுடன் வழங்கப்படுகிறது. இத்தனை காலம் தாங்கள் பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ள மட்டும் அனுமதி வேண்டுகிறேன்.’

கடைசி வரி எப்படியோ வேண்டுகோளாகிவிட்டது. பரவாயில்லை என்று மடித்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனேன். அவள் மேசையை விட்டுத் தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே புடவைத் தலைப்புப் பறக்க உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் துணி இல்லை. தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அவள் கண் லேசாகக் கலங்கிய மாதிரி இருந்தது. எனக்கும்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "வெச்சுட்டுப் போங்க. பாத்துச் சொல்றேன்."

நடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். நாற்காலி கிடைத்த மாதிரிதான் என்று மனசு சொன்னது. ஐந்து நிமிடத்தில் என் போன் ‘டிங்’ என்றது. எல்.எம்.எஸ்ஸிலிருந்து செய்தி. ‘வீட்டு நிர்வாகம்’ என்று ஒரு புதிய வகுப்பு. ஆசிரியர், என் மனைவி. மாணவர் எண்ணிக்கை, ஒன்று. திறந்தேன். என் கடிதம் படமெடுத்து ஏற்றப்பட்டு, திருத்தப்பட்டிருந்தது. குறையைக் கவனித்ததற்குப் பதினைந்துக்குப் பதினைந்து. ஆதாரத்துக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. தீர்வுக்கு இருபதுக்கு இருபது.

தாமதம், நாளுக்கு ஒரு மார்க் வீதம், பதினோரு வருடம். பெற்ற மதிப்பெண் பூஜ்யம்.